ஒற்றைக்கால் கள்வனுக்கு ஒரு மேடை தாருங்கள்

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இலர். கீழக்கரை வள்ளலின் ஈகையைப் பள்ளிக்கூடத்திலும் பட்டிமன்றத்திலும் நாம் ஓயாது புகழ்ந்து வருகிறோம். ஆனால் அவ்வள்ளலின் பெயரைத் தாங்கிய நாடகம் ஒன்று தமிழில் உண்டு என்பதையும், அதில் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன் ஒரு குதிரைத் திருடன் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் பெயர் சீதக்காதி நொண்டி நாடகம். திருச்செந்தூர் முருகன் பேரிலும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. கிறித்தவர்க்கும் ஞான நொண்டி நாடகம் என ஒன்று வாய்த்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் முளைத்துப் பதினெட்டாம் நூற்றாண்டில் தழைத்த இந்நகைச்சுவை நாடக வகை, இன்று இலக்கிய வரலாற்று நூல்களில் இரண்டு வரிக் குறிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கும் குறிப்பு அது.

அக்குறிப்பை மேடைக்குக் கொண்டு வர வேண்டும் என்பதே நம் வழக்கு. தமிழ்நாட்டுப் பெருமன்றங்கள் செய்யட்டும் என்று காத்திராமல், புனே நகரத்துத் தமிழர்களாகிய நாமே அதைச் செய்ய வேண்டும் என்பது வழக்கின் இரண்டாம் பகுதி.

முதலில் நாடகத்தின் கதையைக் கேளுங்கள். ஒற்றைக்காலில் தத்தித் தத்தி ஒருவன் மேடைக்கு வருகிறான். அவையோரை வணங்கித் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறான். நல்ல குடியில் பிறந்ததாகப் பெருமை பேசுகிறான். பிறகு தான் கற்ற களவுத் தொழிலின் நுட்பங்களைப் பேரறிஞன் போல விளக்குகிறான். ஊர் ஊராய்த் திரிந்து பொருள் சேர்க்கிறான். ஒரு தாசியின் வீட்டில் அத்தனையையும் இழக்கிறான். கையில் காசுள்ள வரையில் கிடைத்த உபசாரமும், காசு தீர்ந்ததும் கிடைத்த உதையும் அவன் வாயாலேயே வரும்போது அவையில் சிரிக்காதவர் இரார். இழந்த பொருளை மீட்கக் குதிரை திருடப் போகிறான், அகப்படுகிறான். படைக்கும் பாளையத்துக்கும் குதிரையே உயிரான காலம் அது. ஆகையால் தண்டனையும் கொடிது: மாறுகால் மாறுகை வாங்கிவிடுகிறார்கள். முடமாகி வீழ்ந்தவனுக்கு ஒரு நல்லவர் வழிகாட்டுகிறார். இறையருளால் இழந்த உறுப்புகளைப் பெற்று அவன் எழுந்து நிற்கிறான்.

சிறு மாறுதல்களோடு எல்லா நொண்டி நாடகங்களுக்கும் இதுவே கதை. முருகன் பேரில் பாடியவர் திருச்செந்தூர்ச் சந்நிதியில் அவனை நிமிர்த்தினார். சீதக்காதியின் பேரில் பாடியவர் வள்ளலின் உதவியோடு அவனை மக்காவுக்கு அனுப்பி நிமிர்த்தினார். ஒரே கள்வன், ஒரே நொண்டல், ஒரே சிரிப்பு. புகும் வாசல் மட்டுமே வேறு. சமயங்களின் ஒற்றுமையைப் பற்றி மேடைதோறும் மணிக்கணக்கில் பேசுகிறோமே! ஒரு திருடனின் கதையை மூன்று சமயத்தாரும் தத்தமக்கு உரியதாக்கிக் கொண்டு ஒரே சந்தத்தில் பாடினார்கள் என்பதைவிட அதற்கு வேறு சான்று வேண்டுமா?

சந்தம் என்றோம். நொண்டிச் சிந்து என்னும் யாப்பே இந்நாடகத்தின் உயிர். அடி நடந்து வரும், நடுவே ஒரு தனிச்சொல் வந்து நிற்கும், மீண்டும் நடக்கும். ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுக்கும் நடை பாட்டின் நடையிலேயே அமைந்துவிடுகிறது. நடிகன் நொண்டாவிட்டாலும் பாட்டு நொண்டும். பாரதியார் ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’ என்னும் பாடலுக்கு இந்தச் சிந்தைத்தான் எடுத்துக்கொண்டார். நாட்டின் தளர்ந்த நடைக்கு இதைவிடப் பொருந்தும் யாப்பு அவருக்குக் கிட்டவில்லை போலும். அப்பாடலை மனமுருகிப் பாடும் நாம், அதன் சந்தத்தை மக்கள் நாவில் ஊன்றிய கள்வனை மறந்துவிட்டோம்.

இந்நாடகத்தோடு உடன்பிறந்தவற்றின் கதி வேறு. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சிக்கு நாட்டியம் கை கொடுத்தது. 1944-இல் ருக்மிணி தேவி அம்மையார் கலாக்ஷேத்திரத்தில் அதை நாட்டிய நாடகமாக்கினார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்துக்குச் சங்கீதக் கச்சேரிகள் வாழ்வளித்தன. முக்கூடற்பள்ளு கல்லூரிப் பாடத்தில் இடம்பிடித்து உயிர் தப்பியது. அழகு உள்ளதை நாட்டியம் எடுத்துக்கொண்டது. பக்தி உள்ளதைச் சங்கீதம் எடுத்துக்கொண்டது. சொல்வளம் உள்ளதைப் புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றவனை எடுத்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. நம் கல்வியாளரிடம் நெடுநாளாக ஒரு நோய் உண்டு. அழ வைப்பது இலக்கியம், சிரிக்க வைப்பது பொழுதுபோக்கு என்னும் நோய் அது. எண்வகை மெய்ப்பாடுகளை அடுக்கத் தொடங்கிய தொல்காப்பியர் நகையைத்தான் முதலில் வைத்தார். அவருடைய பிள்ளைகள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம்.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். சென்ற பொங்கல் விழாவுக்கு முன்னர், இந்நகரில் அன்பர்கள் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் இந்நாடகத்தை நடிக்கலாம் என்று நாம் பணிவோடு சொன்னோம். முதலில் அமைதி நிலவியது. பிறகு ஒருவர், “பேரே நன்றாயில்லையே!” என்றார். இன்னொருவர், “குடும்பத்தோடு வருகிறார்கள், தாசி கதையா?” என்றார். மூன்றாமவர், “பிள்ளைகளுக்குப் புரியாது சார்” என்று முடித்தார். முடிவில் வழக்கம்போல மெல்லிசையும், திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து நடிக்கும் நிகழ்ச்சியும் ஏற்பாடாயின. அலுவலகத்தில் கோப்பு நகர்த்திப் பிழைப்பவர் நாம். ஒரு காகிதத்தை மறுக்கவும் மனமின்றி, ஏற்கவும் மனமின்றிப் ‘பின்னர் பார்க்கலாம்’ என்று எழுதிக் கட்டி வைக்கும் கலை நமக்குப் பழக்கமானது. நம் யோசனைக்கும் அக்கட்டில் ஓர் இடம் கிடைத்தது. அன்று வாய் திறக்காது எழுந்து வந்துவிட்டோம். அது நம் குற்றம். அன்று சொல்லாத விடைகளை இன்று இம்மலரில் சொல்கிறோம்.

பேர் நன்றாயில்லை என்பது முதல் தடை. இதை எள்ளி நகையாட மாட்டோம். உடற்குறையைச் சொல்லி ஒருவரை அழைப்பது இன்று தகாது. மாற்றுத்திறனாளி என்னும் சொல்லைத் தமிழுலகம் ஏற்றுக்கொண்டதும் முறையே. ஆனால் நாடகத்தைக் கூர்ந்து பாருங்கள். அவனுடைய காலைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அவனுடைய வாயைக் கேட்டுத்தான் சிரிக்கிறோம். கால் போனது அரசின் தண்டனையால். அந்த இடத்தில் அவைக்குச் சிரிப்பு நின்றுவிட வேண்டும். நின்றுவிடும்படி நடிக்க வேண்டும். குதிரை ஒன்றுக்காக ஒரு மனிதனின் கையையும் காலையும் வாங்கிய நீதியைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். யாப்பின் பெயர் நூல்களில் உள்ளபடி இருக்கட்டும். விளம்பரத் தாளில் ‘கள்வன் கதை’ என்று போடுவோம். பேருக்காக ஒரு பெருஞ்செல்வத்தை மூடி வைப்பது, பூட்டு துருப்பிடித்தது என்பதற்காக வீட்டையே கைவிடுவதாகும்.

தாசி கதை என்பது இரண்டாம் தடை. நம் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நாள்தோறும் ஓடுவனவற்றைப் பார்த்த பின்னும் இத்தடையை ஒருவர் சொல்வாராயின், அவருடைய துணிவை மெச்ச வேண்டும். எனினும் இதிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஒழுக்கக் கேட்டைக் காட்டி அஞ்சுபவர்கள் சொல்லாத உண்மை அது. நாடகம் முழுவதையும் ஆணே பேசுகிறான், தாசிக்கு வாயில்லை. பொருளைப் பறித்தாள் என்று அவன் சொல்வதை நாம் நம்ப வேண்டும். களவு செய்து கொண்டுவந்த பொருளைப் பறித்தாள் என்று ஒரு கள்வன் முறையிடுவதில் உள்ள வேடிக்கையை அந்நாளைய புலவர் அறிந்தே வைத்திருக்க வேண்டும். நாம் ஓர் அடி மேலே போவோம். அவன் முறையிடும்போது அவளும் அவன் பின்னே வந்து நிற்கட்டும். ஒரு சொல்லும் பேச வேண்டாம். அவன் கூட்டிச் சொல்லும் கணக்கைக் கேட்டு ஒருமுறை அவையைப் பார்த்தால் போதும். மூலத்தில் ஓர் எழுத்தும் மாறாது; பொருள் மட்டும் மாறிவிடும்.

அன்று யாரும் எழுப்பாத தடை ஒன்று உண்டு. அதுவே மெய்யான தடை. இவ்வகை நாடகங்களில் கள்வனுக்குச் சாதி சொல்லும் வழக்கம் இருந்தது. களவு என்பது சில குலங்களின் பிறவித் தொழில் என்னும் எண்ணம் பாட்டில் வேடிக்கையாக இருந்தது. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அதுவே ஆங்கில அரசின் ஆணையாயிற்று. தென்னாட்டிலும் இந்த மராட்டிய மண்ணிலும் எத்தனையோ குடும்பங்கள் பிறந்த குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் ரேகை வைத்தன. விடுதலைக்குப் பின்னர் 1952-இல்தான் அச்சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. ஆதலால் சாதிப் பெயர் வரும் அடிகளை மேடையில் விட்டுவிட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அச்சில் படிப்போர் முழு நூலையும் படிக்கட்டும், ஆராயட்டும். மேடையில் அவன் ஒரு கள்வன், அவ்வளவே. பழைய நாடகத்தை மீட்பது என்றால் பழைய அழுக்கையும் சேர்த்து மீட்பது என்று பொருளன்று. அழுக்கு இருக்கிறது என்பதற்காக ஆடையை எரிப்பதும் அறிவன்று.

பிள்ளைகளுக்குப் புரியாது என்பது இறுதித் தடை. இதற்கு விடை சொல்ல நாம் நூலகம் போக வேண்டியதில்லை. பாலகந்தர்வ அரங்கம் வரை போனால் போதும். இந்நகரத்து மராட்டிய அன்பர்கள் செய்ததைப் பாருங்கள். 1728-இல் லண்டனில் ஜான் கே என்பவர் ‘பிச்சைக்காரர் இசைநாடகம்’ ஒன்றை எழுதினார். திருடரும் சிறைக் காவலரும் களவுப் பொருள் வாங்குவோருமே அதன் மாந்தர். தெருப்பாடல்களின் மெட்டுகளில் அமைந்த அந்நாடகம் முதற்பருவத்திலேயே 62 முறை நடந்தது. 1920-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் அரங்கில் அதை மீண்டும் எடுத்தபோது ஆயிரத்து நானூறு முறைக்கு மேல் ஓடியது. அப்புகழ் ஜெர்மனியை எட்டியது. 1928-இல் பெர்லினில் பிரெக்ட் அதை ‘மூன்று காசு இசைநாடக’மாகப் புதுக்கினார், கர்ட் வைல் இசையமைத்தார். அது 1978-இல் நம் புனேக்கே வந்து சேர்ந்தது. பு. ல. தேஷ்பாண்டே அதைத் ‘தீன் பைஷாச்சா தமாஷா’ என மராத்தியில் எழுத, ஜப்பார் படேலின் இயக்கத்தில் தியேட்டர் அகாடமி மேடையேற்றியது. மராத்தியரின் தமாஷா மரபோடு லண்டன் திருடன் கைகோத்து ஆடினான். புரியாது என்று இங்கே எவரும் பொட்டலம் கட்டி வைக்கவில்லை.

இதற்கு முன்பே, 1972-இல், விஜய் தெண்டுல்கரின் ‘காசிராம் கோத்வால்’ இந்நகரில்தான் முதன்முதலில் மேடையேறியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புனேயையும் நானா பட்னவிஸையும் நாட்டார் கூத்தின் ஆட்டபாட்டங்களோடு அது காட்டியது. எதிர்ப்பு எழுந்தது, பூசல் விளைந்தது. ஆயினும் நாடகம் நின்றது. கடல் கடந்தும் சென்றது. பழைய வடிவம் புதிய மக்களுக்குப் புரியுமா என்னும் வினாவுக்கு இவ்வூர் நெடுநாளைக்கு முன்னரே விடை கண்டுவிட்டது. விடை கண்ட ஊரில் குடியிருந்துகொண்டு வினாவையே இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம்தாம்.

மராட்டியருக்கும் தமிழருக்கும் உள்ள நாடகக் கடன் இன்று நேற்று ஏற்பட்டதன்று. சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி நிறுவிய தஞ்சை மராட்டிய அரசில், 1684 முதல் 1712 வரை ஆண்ட சகசி மன்னர் தாமே நாடகங்கள் எழுதினார். அவர் மராத்தியில் எழுதிய ‘லக்ஷ்மீ நாராயண கல்யாணம்’ காவிரிக் கரையில் பிறந்தது. மராத்தி நாடகத்தின் தொடக்கமாக மகாராட்டிரத்தார் கொண்டாடும் விஷ்ணுதாஸ் பாவேயின் ‘சீதா சுயம்வரம்’ சாங்கலியில் அரங்கேறியது 1843-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மராத்தி நாடகத்துக்குத் தமிழ் மண் மேடை கொடுத்திருக்கிறது. அவர்கள் மொழிக்கு நம் மண் இடம் கொடுத்தது. இன்று நம் குடும்பங்களுக்கு அவர்கள் மண் இடம் கொடுத்திருக்கிறது. சகசி ஆண்டதை ஒட்டிய காலத்தில் பிறந்த தமிழ்க் கள்வனை இம்மண்ணில் ஏற்றுவதில் என்ன வியப்பு? பாட்டுகளுக்கு இடையே இரண்டு நிமிடம் மராத்தியில் கதை சொன்னால், நம் அண்டை வீட்டுக் காகாவும் காகுவும் முன்வரிசையில் வந்து அமர்வார்கள்.

இதெல்லாம் ஒரு பழைய புத்தகத்தின் மேலுள்ள பற்று என்று எண்ணிவிட வேண்டா. நம் வீட்டுக்குள் பாருங்கள். கட்கியிலும் தேகு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் பிம்ப்ரியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்குப் பயன்படுகிறது? அம்மாவிடம் சோறு கேட்கவும், அப்பாவிடம் திட்டு வாங்கவும், ஊரிலிருந்து தாத்தா பேசினால் “நன்றாயிருக்கிறேன்” என்று சொல்லவும் பயன்படுகிறது. சங்கத்துக்கு வந்தாலோ, தமிழ் என்பது எழுந்து நின்று வணங்க வேண்டிய ஒரு சிலையாகிவிடுகிறது. திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கும் குழந்தை, மேடையை விட்டு இறங்கியதும் தோழியோடு மராத்தியில் சிரிக்கிறது. எந்த மொழியில் ஒருவன் சிரிக்கிறானோ அந்த மொழிதான் அவனுடைய மொழி. வணங்கும் மொழியை ஆண்டுக்கு ஒருமுறை நினைத்தால் போதும். சிரிக்கும் மொழி நாள்தோறும் நாவில் வேண்டும்.

ஒரு சிறு செய்தி. சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மின்சாரம் நின்றுவிட்ட வேளையில், கள்வன் தன் களவுத் திறத்தைப் பேசும் பகுதியை வீட்டில் உரக்கப் படித்தோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறவன். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பவன். சொற்களில் பாதி அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் சந்தம் நின்று நடக்கும் இடத்தில் அவன் தொடையில் தாளம் போட்டான். கள்வனின் வீறாப்பைக் கேட்டுச் சிரித்தான். பிறகு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டான். பிறகு இன்னொன்றுக்கு. நாம் வற்புறுத்தாமல் ஒரு பிள்ளை தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டது, நமக்கு நினைவு தெரிந்து, அன்றுதான். புரியாது என்று சொன்ன நண்பருக்கு இதைவிடப் பெரிய விடை நம்மிடம் இல்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோர்க்கும் ஒரு சொல். இந்நாடகத்துக்கு ஒரு நடிகர் போதும். ஒரு மிருதங்கம், ஒரு ஜால்ரா, பின்பாட்டுக்கு இருவர் போதும். திரைச்சீலை வேண்டா, அட்டை மாளிகை வேண்டா, ஊன்றுகோல் ஒன்று வேண்டும். முழு நூலையும் பாட வேண்டியதில்லை. முக்கால் மணி நேரத்துக்குத் தேர்ந்து எடுத்தால் போதும். பொருள் விளங்காச் சொற்களுக்கு ஒரு தாளில் விளக்கம் அச்சிட்டு வாயிலில் கொடுக்கலாம். பாடத் தெரிந்த வங்கி அன்பர்களும், மிருதங்கம் பயிலும் கல்லூரி மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கோயில் திருவிழா முடிந்த முன்னிரவிலும் நடத்தலாம். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் முற்றத்திலும் நடத்தலாம். ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் முன்பணத்தில் இவ்வளவும் முடிந்து, வந்தவர்க்குச் சுண்டலும் வழங்கலாம்.

தமிழின் தொன்மையை மேடையில் முழங்குவது எளிது; தமிழ் நாடகம் ஒன்றை மேடையில் நடத்துவது அரிது. முன்னதை நாம் நெடுங்காலமாகச் செய்து வருகிறோம். பின்னதை ஒருமுறை செய்து பார்ப்போம். தோற்றால் ஒரு மாலைப்பொழுது போகும். வென்றால் நம் பிள்ளைகள் தமிழில் சிரித்த முதல் மாலையாக அது அமையும்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கள்வன் ஒற்றைக்காலில் வாசலில் நிற்கிறான். முருகன் அவனைத் தள்ளவில்லை, மக்காவும் தள்ளவில்லை. தமிழ்ச் சங்கத்தார் தள்ளலாமா? அடுத்த பொங்கலுக்குள் அவனை உள்ளே அழையுங்கள். நடிக்க ஆள் கிட்டவில்லையென்றால், குரல் சற்றுக் கரகரப்புத்தான் ஆயினும், ஊன்றுகோலோடு நாமே வருகிறோம்.